தூங்காத வண்டி

பாதியில் நிற்க வேண்டிய சார்ஜ் மறுபடியும் இறங்கிக் கிடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் வயரை மாட்டி, பாதி ஏறியதும் பிடுங்கினேன். அதற்குள் பாதியிலும் பாதி. ஷெட்டை விட்டு ஓர் அடி நகராத வண்டி. இந்தக் கரண்டை எல்லாம் யார்தான் குடிக்கிறார்களோ!

என் மகனுடைய எலெக்ட்ரிக் கார். ரொம்ப நாள் ஓட்டாமல் நிறுத்தினால் முழுசாக ஏற்றியும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது, பாதியில் வைக்க வேண்டும் என்று வாங்கிய புதிதில் அவன் சொன்னது காதில் இருந்தது. மற்றபடி நான் என்னத்தைக் கண்டேன். பல்பு மாற்றக்கூடத் தெரியாதவள்.

அவன் வீட்டை விட்டுப் போன அன்று பெரிய சண்டை. வேலையை விட்டுவிட்டான் என்று ஆரம்பித்தது, எங்கெங்கோ போய், கடைசியில் இவர் கத்தினார்.

"இனிமே என் முகத்துல முழிக்காதே!"

இவருக்குக் கோபம் வந்தால் வாய்க்கு வந்ததைக் கொட்டுவார். சாப்பிட உட்காரும்போது எல்லாம் மறந்திருக்கும். பையனுக்கு அந்த மறதி வாய்க்கவில்லை. கார் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டான்.

அதற்கப்புறம் அவன் எண்ணுக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். பதிவு செய்து வைத்த குரல் என்று தெரிந்தும் அவளிடம் கெஞ்சியிருக்கிறேன்.

போலீஸுக்குப் போனோம். ஒரு தடவை பிணவறைக்கு வரச் சொன்னார்கள். துணியை விலக்கியதும், இவன் இல்லை என்று தெரிந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது யார் பெற்ற பிள்ளையோ. அந்தச் சிரிப்புக்காக, பெற்றவளிடம் இன்றைக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்கிறேன்.

காரை வித்துத் தொலைக்கலாம் என்கிறார் இவர். நான் விடவில்லை. இந்த பேட்டரி செத்தால் அவனும் இல்லை என்று எனக்குள் ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. வெளியே சொன்னால் என்னை வேறு மாதிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஆனால் சார்ஜ் இந்த வேகத்தில் இறங்கினால் நான் எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும்? பயம் தாங்காமல்தான் மெக்கானிக்கை வரவழைத்தேன்.

தொப்பையும் வாயும் கொஞ்சம் பெரிதான மனிதர். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, கையில் இருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

போச்சு என்று நினைத்தேன். காரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"பேட்டரில ஒரு கோளாறும் இல்லம்மா. பூட்டி நிறுத்துன வண்டி தூங்கணும். இத யாரோ தூங்க விடமாட்டேங்கறாங்க. போன்ல இந்த வண்டியோட ஆப்பத் திறந்து, சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு பாக்கறப்பல்லாம் வண்டி முழிச்சுக்கும். முழிச்சா கரண்ட் குடிக்கும். நீங்கதான் கவலையில பாத்துக்கிட்டே இருக்கீங்களா?"

என் போனில் அப்படி எதுவும் கிடையாது. இவருடையது பொத்தான் போன்.

"பையன் போன்ல மட்டும்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப அவர்கிட்ட சொல்லி வைங்க, சும்மா சும்மா பாக்க வேணாம்னு. இன்னைக்குக் காலையில கூடப் பாத்திருக்காரு, இதுல பதிஞ்சிருக்கு."

இன்றைக்குக் காலையில்.

போனை எவனாவது திருடியிருந்தால் என்று ஒரு நினைப்பு ஓடியது. திருடன் எதற்கு எங்கள் வண்டியின் சார்ஜைப் பார்க்கப் போகிறான்?

என் பிள்ளைதான். எண்ணைத்தான் மாற்றியிருக்கிறான், போனை இல்லை. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதிக்கு ஏறுவதைப் பார்த்திருப்பான். யார் ஏற்றுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே பதைப்பும். அவன் பார்க்கிறான், சரி. நான் அவனுக்கு எதைச் சொல்வது? எப்படிச் சொல்வது? இந்தப் பாழாய்ப்போன வண்டிக்குப் பேச வாய் இருக்கிறதா?

மெக்கானிக்குக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கதவச் சாத்திடுங்கம்மா. இப்படியே கிடந்தா பையன் போனுக்குத் தகவல் போய்க்கிட்டே இருக்கும்."

"என்னன்னு?"

"கதவு திறந்திருக்குன்னு."

சாத்தப் போன கை அப்படியே நின்றது.

இவர் எப்போது வந்து ஷெட் வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. எந்தப் பேச்சிலிருந்து கேட்டார் என்றும் தெரியவில்லை. முகம் பேயறைந்தது போல் இருந்தது. ஒரு விளக்கை அணைக்க மறந்தாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர். இப்போது கத்தப் போகிறார் என்று பார்த்தேன்.

வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். முன்கதவைத் திறந்தார். பின்கதவைத் திறந்தார். திரும்பி வந்து என் பக்கத்துப் பின்கதவையும் திறந்துவிட்டார்.

"ஐயோ சார், இருக்கற சார்ஜும் போயிடும்!" என்றார் மெக்கானிக்.

இவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. வண்டிக்குப் பின்னால் போய், குனிந்து, இரண்டு கையாலும் எதையோ தடவித் தடவித் தேடினார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"இந்த டிக்கிய எப்படிங்க திறக்கறது?"