எக்ஸ்ரே சொன்ன பிறப்புக் கணக்கு

தொலைதூர நட்சத்திர மண்டலம் ஒன்றிலிருந்து வரும் எக்ஸ்ரேயை ஆய்வு மாணவி மாதக்கணக்கில் அளந்தாள். எக்ஸ்ரே கூடினால் அங்கே நட்சத்திரப் பிறப்பும் கூடுதல் என்பது கணக்கு. அவள் அளந்த எண் பெரிதாக இருந்ததைப் பார்த்ததுமே துறைத்தலைவர் கட்டுரை எழுதி, தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

“போனா போகுது, உன் பேரையும் கடைசியில சேத்துக்கட்டுமாம்மா?”

“வேண்டாம் சார். உங்க பேரே இருக்கட்டும்.”

என்ன அடக்கம் என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது.

மாநாட்டில் கைதட்டல் ஓய்ந்ததும் ஒருவர் எழுந்தார். “நடுவுல இருக்கிற கருந்துளையும் எக்ஸ்ரே வீசுமே. அதைக் கழிச்சீங்களா?”

துறைத்தலைவர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கி மாணவியிடம் ஓடினார்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“எங்க சார் வாயைத் திறக்க விட்டீங்க?”

“சரி, இப்ப சொல்லித் தொலை. கழிச்சா எத்தனை பிறக்குது?”

“ஒண்ணுமே பிறக்கல சார். நடுவுல உக்காந்திருக்கிற ஒண்ணு, சுத்தி இருக்கிறதையெல்லாம் விழுங்கிட்டிருக்கு. அவ்வளவுதான்.”