எந்தக் குடும்பம்?

"அம்மா, அந்தப் பாறையில கால் வைக்காதீங்க, வழுக்கும்!"

கத்திக்கொண்டே ஓடிவந்து பேராசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டாள் இளையவள். பின்னால் வந்த வனக்காவலர் தன் தடியை நீட்டினார்.

மலைகளுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளத்தாக்கில் எந்தெந்தக் குடும்பத்துத் தாவரங்கள் பூக்கின்றன என்று கணக்கெடுக்க வந்திருந்தார்கள். கயிற்றால் ஒரு சதுரம் கட்டி, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் பார்த்துப் பதிந்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். வழிகாட்ட வந்த காவலரிடம் அட்டைக்கடிக்கு உப்பு இருந்தது, பேச்சுக்கும் பஞ்சமில்லை.

"இது எந்தக் குடும்பம்ங்க?" பாறை இடுக்கில் இருந்த குட்டி நீலப் பூவைக் காட்டிக் கேட்டார்.

இளையவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். "முன்னாடி வேற குடும்பத்துல வச்சிருந்தாங்க. ஆராய்ச்சி பண்ணிட்டு இப்ப இன்னொண்ணுல சேத்துட்டாங்க."

"செடியை ஒரு வார்த்தை கேக்காமலேயா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பேராசிரியை சட்டென்று நிமிர்ந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

"ஓடைப் பக்கம் போய் அந்த மஞ்சப் பூவைப் பறிச்சுட்டு வாம்மா" என்று அவளை அனுப்பிவிட்டு, காவலர் பக்கம் திரும்பினார். "வீட்டுல யாரெல்லாம் தம்பி?"

"அம்மா மட்டும்தான் மேடம். பொண்ணு பாக்குறேன்னு தெனமும் உயிரை வாங்குறாங்க."

"யாரையும் பிடிக்கலையா?"

காவலர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க பொண்ணுகிட்ட நான் இன்னும் எதுவும் பேசல. முதல்ல உங்ககிட்ட கேட்டுடலாம்னு..."

பேராசிரியை ஓடையைப் பார்த்தார். அங்கே அவள் மண்டியிட்டு, பூவைச் செய்தித்தாளுக்குள் பதமாக விரித்துக்கொண்டிருந்தாள். இவள் போய்விட்டால் மாத்திரையை ஞாபகப்படுத்தவும், ஒன்றுமில்லாததற்குச் சண்டை பிடிக்கவும் வீட்டில் வேறு ஆளில்லை.

"அவளுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்றார் நிதானமாக. "ஆனா ஒண்ணை மட்டும் உங்க அம்மாகிட்ட மறைக்காமச் சொல்லிடுங்க."

"என்ன மேடம்?"

"அவங்க இவளுக்கு ரெண்டாவது மாமியார். என் மகன் இப்ப உயிரோட இல்ல; ஆனா முதல் மாமியார் நான் இருக்கேன்."