சபைப் பெட்டி

செஞ்சி கடைத்தெரு மாடியில் இருக்கும் எங்கள் வணிகர் சகோதர சபையில் இப்போது மூன்றே பேர்தான்: வேர்க்கடலை மண்டி ஆதிநாதன், ஜவுளிக்கடை ராஜகோபால், நான். புது ஆளைச் சேர்ப்பதென்றால், தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டியின் துளைக்குள் கைவிட்டு ஆளுக்கொரு விதை போடுவோம். மொச்சை என்றால் சம்மதம். ஒரே ஒரு புளியங்கொட்டை விழுந்தாலும் அவருக்கு இடமில்லை. யார் போட்டது என்று கேட்கவும் கூடாது.

நேற்று ஆதிநாதனின் மகன் கோமதேஷுக்காகப் போட்டோம். திறந்தால் மூன்று மொச்சை, ஒரு புளியங்கொட்டை.

"மூணு பேர் போட்டா நாலு எப்பிடிப்பா வரும்?" என்றார் ஆதிநாதன்.

நான் ராஜகோபாலைப் பார்த்தேன். அவருக்கும் ஆதிநாதனுக்கும் கடை வாசல் தகராறு இன்னும் தீரவில்லை.

விதைக் கிண்ணத்தில் இருந்த புளியங்கொட்டைகளை எல்லாம் ஜன்னல் வழியே தெருவில் கொட்டினேன். எல்லோரையும் சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, ஆளுக்கொரு மொச்சையை மட்டும் நானே கொடுத்தேன். மறுபடியும் நான்கு. அந்தப் புளியங்கொட்டையில் புளி ஈரமாக ஒட்டியிருந்தது.

"எடுத்துக் குடுக்கறவன் நீதான். இன்னா பண்ற, சொல்லு" என்றார் ராஜகோபால் என்னிடம்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, காலி என்று காட்டிவிட்டு மூடினார்.

"இப்ப யாரும் கை வுட வேணாம். நம்ம தனபால் சபையில இருக்கலாமா?" என்று என் பெயரைச் சொல்லிப் பெட்டியை ஆட்டினார்.

உள்ளே ஒன்று உருண்டது.

"தொறக்காத" என்றேன்.