முயல் காட்டிய முதுகு

உறைந்துபோன குளத்தின் மேல் ஹாக்கி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்துக்குப் பதிலாக ஆடும் வட்டு வேலிப் பலகையோரம் கிடந்தது. அதை மட்டையால் எடுக்க முயல் குனிந்தது. அந்த நேரம் பார்த்துச் செம்மறிக்கிடா பின்னாலிருந்து பாய்ந்து வந்து முட்டியது. முயலின் முன்பற்கள் இரண்டும் பலகையில் போய்ப் பதிந்துகொண்டன.

நடுவர் பென்குயின் ஆடி அசைந்து வந்தது.

"நான் நேராத்தாங்க வந்தேன். இவன்தான் கடைசி நேரத்துல முதுகைத் திருப்பிட்டான்" என்றது கிடா.

"வட்டு வேலியோரம் கிடந்தா வேற எப்படிங்க எடுக்கிறது?" என்று பலகையைக் கடித்தபடியே கேட்டது முயல்.

பென்குயின் வயிற்றைத் தடவிக்கொண்டு யோசித்தது. "முதுகு அங்க இல்லேன்னா அவன் எதை முட்டியிருப்பான்? இனிமே முதுகைக் காட்டுறவங்கதான் பொறுப்பு!" என்று விசில் ஊதியது.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. மற்ற விலங்குகளெல்லாம் முதுகை வேலியோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. கிடா மட்டும் தன்னந்தனியாக வட்டைத் தள்ளிக்கொண்டு போய் வலைக்குள் போட்டது. அந்தச் சந்தோஷத்தில் வலையைப் பார்த்தபடி நின்று வாலை ஆட்டியது.

பின்னால் ஏதோ சறுக்கி வரும் சத்தம் கேட்டது. கிடா தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. முயல் இழுத்த இழுப்பில் பலகையே வேலியிலிருந்து கழன்றுவிட்டிருந்தது. பலகை முன்னால் வர, அதற்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன.

"ஒதுங்குங்க அண்ணே! பலகை மறைக்குது, நிக்கவும் முடியல!"

"நடுவரே, விசில் ஊதுங்க! பின்னாடியிருந்து முட்ட வர்றான்!" என்று கிடா அலறியது.

பென்குயின் நிதானமாகக் கேட்டது: "அது இருக்கட்டும், இந்த முதுகு யாரோடது?"