மூடாத சோற்றுக்கூடை

அண்ணன் புன்மா பாங்காக்கிலிருந்து கட்டிக்கொண்டு வந்த நிச்சா, ரோய் எட் நகரத்துக் குளக்கரையைக் காலையிலேயே படம் பிடித்து முடித்துவிட்டு, நடுப்பகலில் எங்கள் வயல் குடிசையில் பாயின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். தகரக் கூரை சூட்டில் படபடக்கிறது. புளிக்கவைத்த மீனைக் கண்டதும் மூக்கைப் பொத்துகிறாள். "இந்த நாத்தத்த எப்படித்தான் திங்கிறீங்களோ!" "நாங்க பொறந்ததே இதுலதாம்மா. நீ வெறும் சோத்தத் தின்னு" என்கிறாள் அம்மா. மூங்கில் கூடைக்குள் கையை விட்டுப் பசையரிசிச் சோற்றை இரண்டு உருண்டை பிய்த்துத் தின்ற நிச்சா, மூடியைப் பாயிலேயே போட்டுவிட்டு ஈரத்தாளில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். சாப்பிட்டவர் கூடையை மூடாமல் விட்டால் அவரும் துணையும் பிரிந்துவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சோற்றின்மேல் ஈ வந்து உட்காருகிறது. அண்ணன் மூடியைப் பார்க்கிறான், பிறகு வயலைப் பார்க்கிறான். மூடப்போன என் கையை அம்மா தட்டிவிடுகிறாள். மூடியைத் தானே எடுத்து, "பாவம், எப்படி வேர்க்குது பாரு" என்று மருமகளுக்கு விசிறத் தொடங்குகிறாள். "போதும் அத்தை, கை வலிக்கப்போகுது" என்று நிச்சா சிரிக்கிறாள். "வலிக்காதும்மா" என்கிறாள் அம்மா, "நீ கெளம்புற வரைக்கும் விசிறுவேன்."