இரண்டு போத்தல்கள்

மேசையில் இரண்டு போத்தல்கள் நின்றன.

ஒன்றுதான் நிற்க வேண்டும். ஒரு வெடிமருந்தை மூடி அலுமாரியில் பூட்டிய பிறகே அடுத்ததில் கை வைப்பார். இருபது வருடமாகக் கராஜுக்குள் தோட்டா நிரப்பும் அவர் ஒரு நாளும் மீறாத விதி அது.

தராசுக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டு தோட்டாக்கள். எல்லாம் குண்டு பொருத்தி முடிந்தவை.

எந்தப் போத்தலிலிருந்து நிரப்பினார்?

நினைவில்லை. காலையில் கதிரையில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. தேநீர் ஆறிக் கிடக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை.

நாளை மாகாணத் துப்பாக்கிச் சுடும் போட்டி. சுடுவது மகள் ஆரபி. அவளுடைய துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் மருந்தைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வருடம் எடுத்தது. ஏழு வகை பார்த்தார். மாப்பிள்ளை பார்த்திருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று மனைவி சிரித்தாள். நிதானமாக எரியும் ஒன்று கடைசியில் அமைந்தது. இந்தக் கோடையில் ஆரபிக்கு இரண்டு பதக்கம். அதில் பாதி தன்னுடையது என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

மற்றப் போத்தல் அவருடைய சின்னத் துப்பாக்கிக்கானது. சட்டென்று எரிவது. அதே அளவு இவளுடையதில் போனால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும்.

அவள் கன்னத்தை வைக்கும் இடத்தில்.

ஒரு தோட்டாவைக் கழற்றி, மருந்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். கறுத்த சிறு மணிகள். இரண்டு போத்தலிலும் அதே கறுப்பு, அதே மணிகள்.

போன மாதம் கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் ஒரு மணி நேரம் சுற்றினார். வாகன நெரிசல் என்று சொல்லித் தப்பினார். இதற்கு என்ன சொல்வது? மருந்து முடிந்துவிட்டது என்றா? அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. ஆரபி.

அவள் தோட்டாக்களைப் பார்க்கவில்லை. போத்தல்களைப் பார்த்தாள்.

"எதைப் போட்டனான் எண்டு எனக்குத் தெரியேல்லை, பிள்ளை."

சொல்லிவிட்டார். அவள் கத்துவாள், அழுவாள், அம்மாவைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தார்.

"பரவாயில்லையப்பா. கடையிலை வாங்கின பெட்டி காருக்குள்ளை கிடக்கு."

கடைத் தோட்டாவை அவள் எப்போது வாங்கினாள் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். தன் பையைத் திறந்து, குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்தாள்.

அவருடைய சுத்தியல் சுவரில் தொங்கியது. இது வேறு. எத்தனையோ தடவை பிடித்ததில் பிடியில் சாயம் போயிருந்தது.

முதல் தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டினாள். மேசையில் ஒரே தட்டு. குண்டு கழன்று விழுந்தது.

அடுத்ததை எடுத்தாள். அதற்கும் ஒரே தட்டுத்தான்.