கம்பெனி மண்

பொம்மைக் கம்பெனி வேலை முடிந்து வந்த அஞ்சலாட்சியின் தலையெல்லாம் பீங்கான் மண். குளிக்க வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, சாயங்கால வெயிலில் மகள் சுகன்யாவை முன்னால் உட்காரவைத்து, எண்ணெயில் ஊறிய செதில்களைச் சீப்பால் மெல்ல நெகிழ்த்துகிறாள். மூன்று வருசமாக விடாத சொரியாசிஸ். வெள்ளை வெள்ளையாய் உதிர்கிறது. அடியில் தோல் ரத்தம் கசியச் சிவந்து கிடக்கிறது. "களிம்ப ரொம்ப நாளு போட்டா தோலு மெலிஞ்சிடுமாம். முடிய ஒட்ட வெட்டிட்டா மருந்து நல்லாப் படும், சீக்கிரம் ஆறும்னு பாண்டி டாக்டர் சொல்றாரு. வெட்டிடலாமாடி?" "வேணாம்மா, தெரிஞ்சிடும். உன் கம்பெனி மண்ணுதான் என் தலையில ஒட்டிக்கிச்சுன்னு ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்கேன்." சீப்பு நின்றுவிடுகிறது. "நாளைக்கு ஸ்கூல் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு நீ தலைக்குக் குளிக்காம வாம்மா." அண்டாவில் வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது.